ஊட்டியில் கேன் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா? 2.4 லட்சம் துகள் கணக்கும் ஒரு பால்புட்டியும்

திருப்பூரிலிருந்து வேலை மாற்றலில் ஊட்டிக்கு வந்து நான்கு மாதம் ஆன ஒரு தாய் கேட்டிருக்கிறார். வீட்டில் ஏழு மாதக் குழந்தை. பிங்கர்போஸ்ட் பக்கம் வாடகை வீடு. குடிக்க 20 லிட்டர் கேன் வாங்குகிறார்கள். ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரில் 2.4 லட்சம் பிளாஸ்டிக் துகள் இருக்கிறது என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து கேனைத் தொடவே பயமாக இருக்கிறதாம். மாமியார், “மலைத் தண்ணிய விடவா சுத்தம் வேணும், ஊத்துல புடிச்சுக் குடு” என்கிறார். வீட்டுக்காரர் ஆர்.ஓ. மெஷின் வாங்கிவிடலாம் என்கிறார். பக்கத்து வீட்டில், கொதிக்க வைத்தாலே பிளாஸ்டிக் போய்விடும் என்கிறார்கள். இதில் யார் பேச்சைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் 26 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், குன்னூரில் இருக்கிறேன். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன் அம்மா, காரணங்களை அப்புறம் பார்ப்போம். நகராட்சிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, நூல் துணியில் வடிகட்டி, எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்க வைத்து, எவர்சில்வரிலேயே ஆற வைத்துக் குடியுங்கள். கேனைத் தூக்கி எறிய வேண்டாம், குழாயில் தண்ணீர் வராத நாளுக்கு இருக்கட்டும். ஊற்றுத் தண்ணீரைச் சோதிக்காமல் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். ஆர்.ஓ. வாங்கும் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நீங்கள் கேட்காதது: குழந்தையின் பால்புட்டி. உண்மையில் இந்த வீட்டில் முதலில் கவனிக்க வேண்டியது அதுதான். அதற்குப் போவதற்கு முன் அந்த 2.4 லட்சத்தைப் பார்த்துவிடலாம், உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது அதுதானே.

அந்த எண் பொய் இல்லை. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டது. அங்கே விற்கும் மூன்று பிராண்டு பாட்டில் தண்ணீரை எடுத்து, இரண்டு லேசர் கதிர்களைப் பாய்ச்சி, ஒவ்வொரு வகைப் பிளாஸ்டிக்கின் மூலக்கூறும் தனக்கே உரிய விதத்தில் அதிர்வதை வைத்து அடையாளம் கண்டு எண்ணினார்கள். லிட்டருக்கு 1.1 லட்சத்திலிருந்து 3.7 லட்சம் வரை வந்தது, சராசரி சுமார் 2.4 லட்சம். அதில் பத்தில் ஒன்பது பங்கு நானோபிளாஸ்டிக், அதாவது ஒரு மைக்ரானுக்கும், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், சிறியவை. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் அளவு புரியும். ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே எல்லாவற்றையும் மைக்ரோபிளாஸ்டிக் என்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் இவை கண்ணுக்கே தெரியாத கடைசி வரிசை.

இதற்கு ஆறு வருடம் முன்னால், 2018-இல், நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிரடோனியா வளாகத்தில் ஷெர்ரி மேசன் குழு ஒரு கணக்கெடுத்தது. இந்தியா உட்பட 9 நாடுகளில் வாங்கிய 11 பிராண்டுகள், 259 பாட்டில்கள். 93 சதவீதத்தில் துகள் இருந்தது. ஆனால் எண்ணிக்கை? 100 மைக்ரானுக்கு மேல் உள்ளவை லிட்டருக்குச் சராசரி 10.4. நைல் ரெட் என்ற சாயத்தை ஏற்றி இன்னும் சிறியவற்றையும் சேர்த்தபோது 325.

பத்து, முந்நூறு, இரண்டே கால் லட்சத்துக்கும் மேல். ஆறு வருடத்தில் தண்ணீர் அவ்வளவு கெட்டுப்போய்விடவில்லை. சல்லடைக் கண் மாறிவிட்டது. அரிசிச் சல்லடையில் சலித்தவரும் மாவுச் சல்லடையில் சலித்தவரும் ஒரே மூட்டையைப் பற்றிப் பேசினாலும் எண் ஒத்துப்போகாது. அதனால் ஒரு வீடியோவில் எண்ணைக் கேட்டால், எத்தனை மைக்ரான் வரை எண்ணினார்கள் என்று கேளுங்கள். அதைச் சொல்லாத எண்ணை வைத்துப் பயப்படவும் முடியாது, நிம்மதியாக இருக்கவும் முடியாது.

எண்ணுவது எவ்வளவு வில்லங்கமான வேலை என்பதற்கு என் கதையே இருக்கிறது. ஒரு டிசம்பரில், பொழுதுபோகாமல், குழாய்த் தண்ணீரை வடிகட்டிய தாளை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். நீலமும் சிவப்புமாக மெல்லிய இழைகள், ஏகத்துக்கும். அடடா, மலைத் தண்ணீரிலேயே இவ்வளவா என்று பதறி, ஒப்பிட்டுப் பார்க்க வெறும் காய்ச்சி வடித்த நீரை அதே மாதிரி வடிகட்டினேன். அதிலும் அதே நீலம், அதே சிவப்பு. குனிந்து பார்த்தால் நான் போட்டிருந்த அக்ரிலிக் ஸ்வெட்டர் நீலமும் சிவப்பும் கட்டம் போட்டது. குன்னூர் டிசம்பரில் ஸ்வெட்டர் இல்லாமல் யாரால் உட்கார முடியும்? அன்றிலிருந்து வெறும் நீரை ஒப்பிட்டுக் கழிக்காத எந்தக் கணக்கையும் நான் நம்புவதில்லை. அந்த ஸ்வெட்டர் தனிக்கதை: ஆறு கிலோ அக்ரிலிக் துணியை மெஷினில் ஒருமுறை துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேல் இழை உதிர்கிறது என்று 2016-இல் பிளிமத் பல்கலைக்கழகத்தில் அளந்தார்கள். ஊட்டியில் வீட்டுக்கு எத்தனை ஸ்வெட்டர், துவைத்த தண்ணீர் எந்த ஓடைக்குப் போகிறது என்பதை யோசித்தால் ‘தூய மலை நீர்’ என்ற சொல் கொஞ்சம் கலங்கும்.

எண்ணிக்கை ஒரு பக்கம், எடை இன்னொரு பக்கம். அந்த 2.4 லட்சத்தில் நானோ பங்கு முழுவதையும் 100 நானோமீட்டர், அதாவது மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு, அளவுள்ள உருண்டைகளாக வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மொத்த எடை ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. வாரத்துக்கு ஒரு ஏடிஎம் கார்டு அளவு பிளாஸ்டிக்கை, அதாவது 5 கிராம், விழுங்குகிறோம் என்று 2019-இல் இருந்து ஒரு பேச்சு சுற்றுகிறது அல்லவா, அது மிகையான கணக்கு. 2021-இல் நெதர்லாந்தின் வாகெனிங்கன் ஆய்வாளர்கள் போட்ட கணக்கில் பெரியவர் ஒருவருக்கு வாரத்துக்கு 4 மைக்ரோகிராம் சொச்சம்தான் வந்தது. பத்து லட்சம் மடங்குக்கும் மேல் குறைவு. ஏடிஎம் கார்டு படம் போட்ட செய்தியை இனி யார் அனுப்பினாலும் அழித்துவிடுங்கள்.

அப்படியானால் கவலையே வேண்டாமா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். சின்னதாக இருப்பதுதான் இதில் தொல்லை. 150 மைக்ரானுக்கு மேல் உள்ளவை பெரும்பாலும் குடலில் உறிஞ்சப்படாமல் வெளியேறிவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 அறிக்கையில் சொன்னது. நானோ அளவுக்கு இறங்கியவை அப்படி இல்லை, குடல் சுவரைக் கடந்து ரத்தத்துக்குள் போக வாய்ப்பு அதிகம். 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் 22 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 17 பேரிடம் பிளாஸ்டிக் இருந்தது. பாதிப் பேரிடம் பெட், அதாவது தண்ணீர் பாட்டில் செய்யும் அதே பிளாஸ்டிக்.

எனக்கு உண்மையிலேயே உறைத்தது 2024 மார்ச்சில் இத்தாலியிலிருந்து வந்த ஆய்வு. கழுத்து ரத்தக்குழாயில் படிந்த கொழுப்பை அறுவை சிகிச்சையில் எடுத்தவர்கள், தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்கள் 257 பேர். அதில் 150 பேரின் கொழுப்புப் படிவில் பாலித்தீன் இருந்தது. சுமார் மூன்று வருடத்தில் அவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் இவற்றில் ஒன்று நேர்வது மற்றவர்களைவிட நான்கரை மடங்கு. பிளாஸ்டிக்தான் காரணம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, இரண்டும் சேர்ந்து காணப்பட்டது என்றுதான் சொல்கிறது. பாட்டில் தண்ணீர் குடித்தவர்கள் என்றும் சொல்லவில்லை. ஆனாலும் செலவில்லாமல் குறைக்க முடிகிற இடத்தில் குறைத்துக்கொள்ள இது போதாதா?

உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அறிக்கையின் சாரம் நீர்ப் பரிசோதனைக்காரனுக்குப் பழக்கமான பாட்டுதான்: குடிநீரில் உள்ள மைக்ரோபிளாஸ்டிக் ஆபத்து என்று சொல்ல இப்போதுள்ள ஆதாரம் போதாது, தொடர்ந்து ஆராய வேண்டும், அதே சமயம் கிருமிகளை மறந்துவிடாதீர்கள். கடைசி வரியை யாரும் வீடியோ போடுவதில்லை. ஏழு மாதக் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்க்க வைப்பது பிளாஸ்டிக் துகள் இல்லை, தண்ணீரில் கலந்த மலக்கிருமி.

இனி கேன். பாட்டில் தண்ணீரில் பிளாஸ்டிக் எங்கிருந்து வருகிறது என்பதே சுவாரசியமான விஷயம். மேசன் கணக்கில் அதிகம் இருந்தது பாலிபுரோப்பிலீன், அது பாட்டில் மூடி செய்யும் பொருள். கொலம்பியா கணக்கில் முன்னால் நின்றது பாலிஅமைடு, அதாவது நைலான் வகை. சுத்திகரிக்கிற வடிகட்டிச் சவ்வே அந்தப் பொருளில்தான் செய்யப்படுகிறது. சுத்தம் செய்யப் போட்ட வடிகட்டியே உதிர்ந்திருக்கிறது என்பது ஆய்வாளர்களின் ஊகம். மிலான் பல்கலைக்கழகத்தில் 2019-இல் மூடியைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடிப் பார்த்தார்கள். மூடியிலும் பாட்டில் கழுத்திலும் துகள் ஏகமாகக் கூடியது. பாட்டிலை நசுக்கிப் பார்த்ததில் தண்ணீரில் அப்படி ஒன்றும் ஏறவில்லை. ஆக, திருகுகிற இடத்தில்தான் உராய்வு.

பிளாஸ்டிக்கை விட்டுக் கண்ணாடிக்குப் போனால் தப்பிக்கலாம் என்று நினைத்தவர்களுக்கு 2025-இல் பிரெஞ்சு உணவுப் பாதுகாப்பு நிறுவனம் ஒரு அதிர்ச்சி கொடுத்தது. கண்ணாடிப் பாட்டில் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 4.5 துகள், பிளாஸ்டிக் பாட்டிலில் 1.6. கண்ணாடி பாவம் குற்றமற்றது, அதன் தகர மூடியில் அடித்த பெயின்ட்தான் உதிர்ந்தது.

உங்கள் 20 லிட்டர் கேனுக்கு நெருக்கமான கணக்கு 2018-இல் ஜெர்மனியில் எடுத்தது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலில் லிட்டருக்குச் சராசரி 14 துகள். கழுவித் திரும்பத் திரும்ப நிரப்பும் பாட்டிலில் 118. நம் ஊர் கேன் அதைவிட முரட்டு வாழ்க்கை வாழ்கிறது. டெம்போவில் ஒன்றன்மேல் ஒன்றாக மோதிக்கொண்டு பர்லியார் வளைவுகளில் ஏறுகிறது, வெயிலில் அடுக்கிக் கிடக்கிறது, உள்ளே பிரஷ் போட்டுத் தேய்க்கிறார்கள், மறுபடி நிரப்புகிறார்கள். அதனால் கேன் வாங்கும் நாளில் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். புகை படிந்த கண்ணாடி மாதிரி மங்கியிருந்தால், உள்பக்கம் கீறல் தெரிந்தால், பச்சை படர்ந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கேன்காரர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

ஒரு வேடிக்கை. சமவெளியில் அடைத்து மூடிய எதுவும் இங்கே வந்தால் உப்பிக்கொள்ளும், சிப்ஸ் பாக்கெட்டைப் பார்த்திருப்பீர்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேலேதான். இங்கே காலியாக்கி மூடிய பாட்டில் மேட்டுப்பாளையம் போய்ச் சேர்வதற்குள் தானாகச் சப்பிப்போகும். இன்னொரு வேடிக்கை, குந்தாவும் குன்னூர் ஆறும் இறங்கிப் போய்ச் சேர்வது பவானியில். பவானிக் கரையில் அடைக்கும் கேன் தண்ணீர், மலையிலிருந்து இறங்கிப்போனதேதான் டீசல் செலவில் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அரசு பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பாட்டிலில் அடைத்த குடிநீரை 2024 கடைசியில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்தது, ஆலைகளுக்கு ஆய்வும் தணிக்கையும் கட்டாயமாயின. அது கிருமிக்கும் ரசாயனத்துக்கும் நல்ல செய்தி. மைக்ரோபிளாஸ்டிக் லிட்டருக்கு இத்தனைக்கு மேல் கூடாது என்று நம் குடிநீர்த் தரத்தில் ஒரு வரம்பு கிடையாது. எனவே லேபிளில் எதைத் தேடியும் பயனில்லை.

மாமியார் பக்கம் வருவோம். அவர் சொல்வதில் ஒரு காலத்து உண்மை இருக்கிறது. சோலைக்குள்ளிருந்து கசிந்து வரும் ஊற்று, மேலே வீடும் தோட்டமும் இல்லாத இடத்தில், நல்ல தண்ணீர்தான். இன்றைக்கு அப்படி ஒரு ஊற்று பிங்கர்போஸ்ட் பக்கம் எங்கே இருக்கிறது? மேலே கேரட்டும் முட்டைக்கோசும், அதற்கு உரமும் மருந்தும். அதற்கு மேலே வீடுகள், வீடுகளுக்கு செப்டிக் டேங்க். பூ வளர்க்கிற பாலிஹவுஸ் ஷீட் நாலைந்து வருடத்தில் வெயிலில் நைந்து துண்டு துண்டாகக் காற்றில் பறக்கிறது. ஊற்றிலிருந்து லைன் வீடுகளுக்குப் பாறை மேலேயும் புதருக்குள்ளேயும் இழுத்து வந்த கறுப்பு ஓஸைப் பாருங்கள், கையால் அழுத்தினால் நொறுங்குகிற நிலையில் இருக்கும். இந்த உயரத்தில் புற ஊதாக் கதிர் சமவெளியைவிடக் கடுமை, பிளாஸ்டிக் சீக்கிரம் பொடியும். ஏன், பிரான்சில் மனிதர் நடமாட்டமில்லாத பிரனீஸ் மலையிலேயே ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு 365 துகள் காற்றோடும் மழையோடும் வந்து விழுகிறது என்று 2019-இல் எண்ணிவிட்டார்கள். மலை என்றால் பிளாஸ்டிக் இல்லை என்ற காலம் போய்விட்டது.

ஊட்டிக் குழாயில் வருவது பார்சன்ஸ் வேலி, டைகர் ஹில், மார்லிமந்து போன்ற அணைகளின் தண்ணீர். ஊற்றைவிட இதில் ஒரு லாபம், குளோரின் போட்டிருப்பார்கள். குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும் என்பது தரம். லேசாக வாசனை அடித்தால் கோபப்படாதீர்கள், மாமியாரிடம் அதுதான் காவல்காரன் என்று சொல்லுங்கள். ஜூன், ஜூலை மழையில் தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கி வரும். கலங்கலில் குளோரின் சரியாக வேலை செய்யாது. அந்த வாரங்களில் தெளியவைத்து, இறுத்து, அப்புறம் கொதிக்க வையுங்கள், அல்லது கேனுக்குப் போங்கள். பிளாஸ்டிக் கணக்கிலும் குழாய் மோசமில்லை. கனடாவில் 2019-இல் போட்ட கணக்குப்படி, பாட்டில் தண்ணீரை மட்டுமே குடிக்கிறவருக்கு வருடத்தில் அதன் வழியாக 90,000 துகள், குழாய்த் தண்ணீரை மட்டுமே குடிக்கிறவருக்கு 4,000.

கொதிக்க வைத்தால் பிளாஸ்டிக் போய்விடும் என்ற பேச்சும் ஓர் ஆய்விலிருந்து வந்ததுதான். 2024 பிப்ரவரியில் சீனாவின் குவாங்சோவிலிருந்து வந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்தபோது அதிலிருந்த சுண்ணாம்பு படிந்து, படியும்போது பிளாஸ்டிக் துகளையும் தன்னோடு சுருட்டிக்கொண்டு அடியில் இறங்கியது. வடிகட்டினால் 90 சதவீதம் வரை போனது. கவனியுங்கள், இது உப்புத் தண்ணீருக்கு, அதாவது சுண்ணாம்புச் சத்து நிறைந்த கடின நீருக்கு. மென்னீரில் 25 சதவீதம் சொச்சம்தான். திருப்பூரில் உங்கள் பாத்திரத்தின் அடியில் வெள்ளை வெள்ளையாகச் செதில் கட்டியிருக்குமே, அதுதான் அந்த வேலையைச் செய்கிறது. இங்கே வந்து நான்கு மாதத்தில் உங்கள் பாத்திரத்தில் அது படிந்ததா? படிந்திருக்காது. நீலகிரி முழுக்கக் கரையாத சார்னோக்கைட் பாறை, மேலே நல்ல மழை, அதனால் தண்ணீர் மென்மையானது. சோப்பு நுரை போகவே போகாது என்று இங்கே வந்த புதிதில் எல்லோரும் அலுத்துக்கொள்வார்கள். அதே காரணத்தால்தான் அந்த 90 சதவீத வித்தை இங்கே பலிக்காது.

ஆனாலும் கொதிக்க வைக்கத்தான் வேண்டும், பிளாஸ்டிக்குக்காக இல்லை, கிருமிக்காக. அதிலும் மலையில் ஒரு விஷயம் உண்டு. இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, 92, 93-லேயே கொதித்துவிடும். பருப்பு திறந்த பாத்திரத்தில் வேக மாட்டேன் என்று அடம்பிடிப்பது அதனால்தான். கீழே ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும், 6,500 அடிக்கு மேல் மூன்று நிமிடம் வேண்டும் என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் கணக்கு. ஊட்டி 7,300 அடிக்கு மேல். குமிழ் வந்ததும் அடுப்பை அணைத்துவிடும் பழக்கத்தைத் திருப்பூரிலேயே விட்டுவிடுங்கள்.

ஆர்.ஓ. பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது உப்பை நீக்குவதற்கான மெஷின். நம் தண்ணீரில் நீக்க உப்பே இல்லை. பிளாஸ்டிக் துகளை அது தடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் சவ்வு, குழாய், தொட்டி எல்லாமே பிளாஸ்டிக். அதோடு சுத்தமான ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பும். கோடையில் ஊட்டியில் சில வார்டுகளில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிறார்கள் என்பது உங்கள் வீட்டுக்காரருக்கு ஏப்ரலில் தெரிந்துவிடும். மெஷின்தான் வேண்டும் என்றால் மண், தூசியைப் பிடிக்கும் வடிகட்டியும் கிருமிக்குப் புற ஊதா விளக்கும் உள்ளது போதும்.

இப்போது நான் முதலிலேயே சொல்லி நிறுத்தியது. குளிர்ந்த தண்ணீர் பிளாஸ்டிக் பாட்டிலில் கிடப்பதைவிடப் பெரிய விஷயம் சூடான எதையும் பிளாஸ்டிக்கில் ஊற்றுவது. மலையில் நாம் இதைத்தான் அதிகம் செய்கிறோம். காரணம் குளிர்.

என் வீட்டிலேயே நடந்தது. கொதித்த தண்ணீரைச் சூட்டோடு பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பது பல வருடப் பழக்கம். ஒருநாள் பாட்டில் கண் முன்னாலேயே சுருங்கி, கழுத்து கோணிக்கொண்டு, பிள்ளையார் தும்பிக்கை மாதிரி ஆனது. பெட் பிளாஸ்டிக் 70, 80 டிகிரிக்கே இளகிவிடும் என்பது எனக்குப் பாடமாகத் தெரியும், அடுப்படியில் நினைவுக்கு வரவில்லை. வீட்டம்மா அந்தக் கோணல் பாட்டிலை இரண்டு வாரம் குடிக்கப் பயன்படுத்தினார், “பாட்டில் கோணினா தண்ணி கோணுமா” என்று.

எண் கேட்டால் சொல்கிறேன். காரக்பூர் ஐ.ஐ.டி.யில் 2020-இல் பேப்பர் கப்பைச் சோதித்தார்கள். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும் கப். 100 மில்லி சூடான நீரை ஊற்றி 15 நிமிடம் வைத்ததில் சுமார் 25,000 மைக்ரோ துகள். சேரிங்கிராஸில் நின்று பேப்பர் கப்பில் டீ குடிக்கும் ஒவ்வொருவரும் ஒரு லிட்டர் பாட்டிலை நினைத்துப் பயப்படுவது எனக்குக் கொஞ்சம் சிரிப்பாக இருக்கிறது. கடையில் கண்ணாடி கிளாஸ் கேளுங்கள். டீ என்றதும் ஒன்று: முக்கோணப் பை மாதிரி பளபளக்கும் நைலான் டீ பேக் ஒன்றே கோப்பையில் ஆயிரம் கோடிக்கும் மேல் துகள் விடுகிறது என்று 2019-இல் கனடாவில் சொன்னார்கள். அந்த எண்ணை வேறு ஆய்வாளர்கள் சிலர் ஏற்கவில்லை. எண் எதுவானாலும், தேயிலை விளைகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு டீத்தூளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முக்குவானேன், வடிகட்டி இல்லையா வீட்டில்?

பால்புட்டிக்கு வந்துவிட்டோம். டப்ளினில் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020-இல் பாலிபுரோப்பிலீன் புட்டிகளைச் சோதித்தார்கள், கடையில் விற்பவற்றில் பெரும்பாலானவை இந்த வகைதான். சொல்லிக் கொடுக்கிற முறைப்படியே கிருமி நீக்கி, 70 டிகிரி நீர் ஊற்றிப் பால்மாவு கலக்கும் விதமாகக் குலுக்கியபோது லிட்டருக்கு 1.6 கோடி துகள்கள் வரை வந்தன. 25 டிகிரி நீரில் 6 லட்சம், 95 டிகிரியில் 5.5 கோடி. பாட்டில் தண்ணீரின் 2.4 லட்சத்தையும் இதையும் நேராக ஒப்பிட முடியாது, சல்லடை வேறு. ஆனால் ஒரே சல்லடையில், ஒரே புட்டியில், சூடு ஏறும்போது துகள் தொண்ணூறு மடங்கு ஆகிறதே, அதைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்காகப் பச்சைத் தண்ணீரில் பால்மாவைக் கரைத்துவிடாதீர்கள். மாவிலேயே கிருமி இருக்கலாம் என்பதால்தான் 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கலக்கச் சொல்கிறார்கள். கலக்கும் இடத்தை மாற்றினால் போதும். எவர்சில்வர் டம்ளரில் சூட்டோடு கலந்து ஆற்றி, குழந்தைக்கு ஏற்ற வெதுவெதுப்பு வந்தபின் புட்டியில் ஊற்றுங்கள். ஊட்டிக் குளிரில் கொதித்த நீர் சீக்கிரம் 70-க்குக் கீழே போய்விடும், அதனால் கலக்கத் தாமதிக்காதீர்கள். புட்டியைக் கொதிநீரில் போட்டு எடுத்தபின், எவர்சில்வரில் காய்ச்சி ஆற வைத்த நீரால் மூன்று முறை அலசிக் கொட்டிவிடுங்கள். டப்ளின்காரர்களும் அதையே சொல்கிறார்கள். புட்டியில் ஊற்றியபின் போட்டுக் குலுக்க வேண்டாம்.

இதற்கெல்லாம் மேல் ஒரு வழி உங்கள் மாமியாரிடமே இருக்கும். பாலாடை, அல்லது சங்கு. வெள்ளியோ எவர்சில்வரோ. குழந்தை மருத்துவர்களே புட்டியைவிடப் பாலாடை சுத்தம் என்பார்கள், கழுவ எளிது, ரப்பர் இடுக்கில் கிருமி ஒளியாது. ஏழு மாதக் குழந்தை கொஞ்சம் முரண்டு பிடிக்கும், துப்பும், பழகிவிடும். ஊற்று விஷயத்தில் அவரை மறுத்துப் பேசுகிற அன்றைக்கே பாலாடை விஷயத்தில் அவர் யோசனையைக் கேட்டுவிடுங்கள், வீடு அமைதியாக இருக்கும்.

ராகிக் கூழ் ஆரம்பித்திருப்பீர்கள். அதையும் சூட்டோடு பிளாஸ்டிக் கிண்ணத்தில் போடாமல் எவர்சில்வர் கிண்ணத்தில் போடுங்கள்.

திருப்பூரிலிருந்து சொந்தக்காரர்கள் வரும்போது காரில் அட்டைப் பெட்டியாகத் தண்ணீர் பாட்டில் ஏற்றி வருவார்கள், சொல்லி வையுங்கள். நீலகிரியில் சிறு தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை, கல்லாறிலோ பர்லியாரிலோ இறக்கி வாங்கி வைத்துவிடுவார்கள். கொடைக்கானலில் 2024-இல் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பாட்டிலுக்கு ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்றே போட்டார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் கொண்டுவரட்டும், வழியில் தண்ணீர் ஏடிஎம்மில் பிடித்துக்கொள்ளலாம்.

மாமியார் ஊற்றை விடவே மாட்டேன் என்றால் சண்டை வேண்டாம், சோதித்துவிடுங்கள். ஹைட்ரஜன் சல்பைடு குப்பி என்று ஒன்று உண்டு, குடிநீர்ப் பரிசோதனைக் கூடங்களில் கேட்டால் கிடைக்கும். குறியிட்ட அளவு வரை தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால், மலக்கிருமி இருந்தால் ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும். ஆனால் ஊட்டி ஜன்னலோரத்தில் வைத்தால் குளிரில் கிருமி வளராமல் தண்ணீர் சுத்தம் என்று பொய் சொல்லும். ஒரு துணியில் சுற்றி, அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் கதகதப்பாக வைத்து இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் பிடித்த தண்ணீரில் இன்னொரு குப்பி போடுங்கள். இரண்டில் ஒன்று கறுத்தாலும் அந்த ஊற்று துணி துவைக்க மட்டும்.